ஐ.ஏ.டி. சோதனையில் இரண்டு முறை இரண்டு முடிவு: எதை நம்புவது?

ஐ.ஏ.டி. (Implicit Association Test) என்பது நாமே அறியாத மனச்சாய்வைக் கணிக்க முயலும் கணினிச் சோதனை. இரண்டு குழுக்களின் முகங்களையும் 'நல்லது', 'கெட்டது' சொற்களையும் இரண்டு விசைகளால் வேகமாகப் பிரிக்க வேண்டும்; எந்த முகமும் எந்தச் சொல்லும் ஒரே விசையில் ஜோடி சேரும்போது விரல் வேகமாகப் போகிறது என்பதுதான் மதிப்பெண். நீங்கள் அதை இரண்டு முறை செய்து இரண்டு முடிவு வந்ததாகக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையுமே உங்கள் 'உண்மையான' மனச்சாய்வு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திங்களன்று 'வலுவான சாய்வு', வெள்ளியன்று 'சாய்வே இல்லை' என்று வந்ததில் வியப்பில்லை. 1998இல் உளவியலாளர் க்ரீன்வால்ட் குழு அறிமுகப்படுத்திய இந்தச் சோதனையை ஒரே ஆள்கள் மறுபடி செய்தால், இரு மதிப்பெண்களுக்கும் உள்ள ஒட்டுறவு சுமார் 0.5தான் (1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை). தனி ஆளை எடைபோட அது போதாது.

உங்கள் விஷயத்தில் ஜோடிகள் வந்த வரிசைதான் காரணம் என்று நினைக்கிறேன். முதலில் வரும் ஜோடிக்கு விரல் பழகிவிடுகிறது. அப்புறம் 'நல்லது' அதே விசையில் இருக்க, முகங்கள் மட்டும் பக்கம் மாறும்போது விரல் தடுமாறும். அந்தத் தாமதமும் மதிப்பெண்ணில் ஏறிவிடும்.

இரண்டு நாளும் எந்த ஜோடி முதலில் வந்தது? நினைவில்லை என்றால், இன்னும் நாலைந்து முறை வரிசையைக் குறித்துக்கொண்டே செய்து பாருங்கள். ஆனால் ஒன்று: சோதனை பழகப் பழகச் சாய்வு குறைவாகவே காட்டும். அதை மனமாற்றம் என்று நினைத்துவிடாதீர்கள்.