ஒரிஜினலா, ரீஃபிலா? முதலில் ஹெட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

வீட்டு பிரிண்டருக்குக் கம்பெனி கார்ட்ரிட்ஜ் வாங்குவதா, கடையில் கொடுத்து மை நிரப்பிக்கொள்வதா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி: அண்ணா, எங்களிடம் இருப்பது ஹெச்பி டெஸ்க்ஜெட், 680 கார்ட்ரிட்ஜ். பிள்ளைகளின் ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கே கலர் தீர்ந்துவிடுகிறது. ரீஃபில் செய்தால் பிரிண்டர் கெட்டுப்போகும் என்கிறார்களே?

உங்கள் மாடலுக்குத் தாராளமாக ரீஃபில் செய்யலாம். மை தெளிக்கும் ஹெட் அந்தக் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கிறது. மட்டமான மையால் அடைத்துக்கொண்டாலும் போவது கார்ட்ரிட்ஜ்தான். புதிது போட்டால் ஹெட்டும் புதிதாகிவிடும். கேனான் 745, 746-க்கும் இதே கதைதான். கம்பெனிக் கணக்குப்படியே 680 கறுப்பு சுமார் 480 பக்கம், கலர் 150 பக்கம். பக்கம் முழுக்கப் படம் இருந்தால் அதில் பாதிகூட வராது. அந்தச் செலவைக் குடும்பங்கள் ஏன் திரும்பத் திரும்பச் சுமக்க வேண்டும்?

ஒன்றே ஒன்று: சொட்டு மை இல்லாமல் தீரும்வரை ஓட்டாதீர்கள். இந்த ஹெட்டில் நுண்ணிய சூடேற்றிகள் இருக்கின்றன. அவை மையைக் கணநேரம் கொதிக்கவைத்து, எழும் குமிழியால் துளியைத் தள்ளுகின்றன. மை இல்லாமல் சூடானால் கருகிவிடும். அப்புறம் எந்த மை ஊற்றினாலும் அந்த இடத்தில் வெள்ளைக் கோடுதான். நிறம் மங்கத் தொடங்கியதுமே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

மதுரை: நானே ஊசியால் நிரப்பிக்கொள்ளலாமா சார்?

செய்யலாம், பொறுமை வேண்டும். மேல் ஸ்டிக்கரை உரித்தால் துளைகள் தெரியும். கலர் கார்ட்ரிட்ஜில் எந்தத் துளை எந்த நிறம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். யூகிக்காமல் ஒவ்வொன்றிலும் புதிய பல்குச்சியை விட்டு நுனியில் ஒட்டும் நிறத்தைப் பாருங்கள். உள்ளே இருப்பது பஞ்சு. ஊசியை அதில் இறக்கி மிக மெதுவாக விடுங்கள், நிறத்துக்கு இரண்டு மில்லி போதும். அவசரப்பட்டு நிறைய விட்டால் வழிந்து நிறங்கள் கலந்துவிடும். மஞ்சள் பச்சையாக விழும்.

முடித்ததும் டிஷ்யூ பேப்பரை மடித்து வெந்நீரில் லேசாக நனைத்து, அதன்மேல் நாசிலை, அதாவது மை வெளிவரும் அடிப்பக்கத்தை, சில நொடிகள் அழுத்துங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றும் தனித்தனிப் பட்டையாக விழுந்தால் சரி. ஒன்று விழாவிட்டால் அங்கே அடைப்பு.

மை வாங்கும்போது கறுப்புக்கு பிக்மென்ட் (நீரில் கரையாத நிறத்தூள் கலந்த மை), கலருக்கு டை (நீரில் கரையும் சாய மை) என்று கேட்டு வாங்குங்கள். பல கடைகளில் கறுப்புக்கும் டை மையையே ஊற்றிவிடுகிறார்கள். ஈரக்கை பட்டால் எழுத்து கரையும். விண்ணப்பப் படிவத்துக்கு அது ஆகாது.

சேலம்: ரீஃபில் செய்த பிறகும் 'மை இல்லை' என்றே காட்டுகிறது.

சிப்பின் பழைய கணக்கு அது. ஓகே கொடுத்து அச்சிடுங்கள். மை அளவைத் திரையில் அல்ல, தாளில் பாருங்கள்.

கோவை: எப்சன் எல்3110 வைத்திருக்கிறேன். ஆன்லைனில் லிட்டர் கணக்கில் மலிவாக மை கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. உங்கள் மெஷினில் ஹெட் பிரிண்டரோடு சேர்ந்தது. அடைத்தால் மாற்ற வேண்டியது விலை உயர்ந்த பாகம். 65 மில்லி கறுப்பு 003 பாட்டிலில் சுமார் 4,500 பக்கம் வரும் என்பது கம்பெனிக் கணக்கு. பக்கத்துக்குச் சில பைசாதான். அதிலும் மிச்சம் பிடிக்கப் போய் ஹெட்டைப் பணயம் வைக்காதீர்கள்.

ஏற்கெனவே அடைத்திருந்தால் ஹெட் கிளீனிங்கை அடுத்தடுத்து ஓட்டாதீர்கள். ஒவ்வொரு முறையும் நல்ல மை கழிவுப் பஞ்சுக்குப் போகிறது. பஞ்சு நிறைந்துவிட்டது என்று கணக்கு காட்டினால் மெஷினே நின்றுவிடும். இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். சரியாகாவிட்டால் அணைத்துவிட்டு ஓர் இரவு விட்டு மறுபடி முயலுங்கள்.

ஈரோடு: ரீஃபில் போட்டால் வாரண்டி போய்விடுமா? பிரிண்டர் சாஃப்ட்வேருக்கு அப்டேட் கொடுத்தால் கார்ட்ரிட்ஜ் வேலை செய்யாது என்றும் சொல்கிறார்கள்.

ரீஃபில் போட்டதனால் மட்டும் வாரண்டி போகாது என்று ஹெச்பியே தன் விதிகளில் சொல்கிறது. ஆனால் பழுதுக்கு அந்த மையே காரணம் என்று தெரிந்தால் செலவு உங்களுடையது. அப்டேட் விஷயம் உண்மை. 2016 செப்டம்பரில் ஹெச்பி ஆபீஸ்ஜெட் மெஷின்கள் பல, வேறு கம்பெனி சிப் உள்ள கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் ஏற்க மறுத்தன. வாடிக்கையாளருக்குச் செய்த அநியாயம் என்றே அதைச் சொல்வேன். இதில் மாட்டுவது பெரும்பாலும் வேற்றுச் சிப்போடு வரும் 'கம்பேட்டிபிள்' கார்ட்ரிட்ஜ். ஒரிஜினல் கூட்டிலேயே மை நிரப்பினால் அதன் சொந்தச் சிப் இருக்கிறது.

சிவகாசி: டியூஷன் நோட்ஸ் அடிக்க லேசர், 88ஏ கார்ட்ரிட்ஜ். டோனர் (லேசருக்கான மைத்தூள்) ரீஃபில் நல்லதா?

கறுப்பு வெள்ளைக்கு அதைவிடச் சிக்கனம் இல்லை. கடைக்காரர் டோனர் ஊற்றுவதோடு கழிவு டோனர் அறையையும் காலி செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அதை விட்டுவிட்டால் தூள் சிந்தித் தாளில் கறை விழும். ஒரே புள்ளி சுமார் ஏழரை சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப விழுந்தால் கார்ட்ரிட்ஜுக்குள் சுழலும் டிரம் உருளையில் கீறல். டோனரைக் குறை சொல்லாமல் டிரம்மை மாற்றச் சொல்லுங்கள்.

சென்னை: மாதத்துக்கு ஐந்தாறு பக்கம்தான் அடிப்போம். எது போடலாம்?

மை பிரிண்டரில் எந்த மையைப் போட்டாலும் உபயோகத்தைவிடக் காய்ந்தே அதிகம் வீணாகும். வாரம் ஒரு கலர் பக்கமாவது அடியுங்கள். முடியாதென்றால் தெருமுனை ஜெராக்ஸ் கடை போதும். அணைக்கும்போது மட்டும் சுவர் ஸ்விட்சைத் தட்டாமல் பிரிண்டரின் பட்டனிலேயே அணையுங்கள். அப்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்குள் உட்காரும்.