ஃபிளாஷ் போன பிறகு: வீடியோ, ப்ளக்-இன், திறந்த தரம் – கேள்வி பதில்

சார், பள்ளிப் பிள்ளைகளுக்காக 2008-ல் ஃபிளாஷில் செய்த பாடங்கள் சிடி சிடியாகக் கிடக்கின்றன. எந்த பிரவுசரிலும் திறக்கவில்லை. தூக்கிப் போட வேண்டியதுதானா?

தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். ஃபிளாஷ் பிளேயர் என்பது பிரவுசரில் வீடியோ, அனிமேஷன் ஓட்டிய ப்ளக்-இன், அதாவது பிரவுசரோடு சேர்த்துப் போடும் துணை மென்பொருள். அதற்கான ஆதரவை அதைத் தந்த நிறுவனமான அடோபி 2020 டிசம்பர் 31-ல் நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயர் ஓடவே மறுக்கும்படி செய்தார்கள். உங்கள் கோப்புகள் கெட்டுப்போகவில்லை, அவற்றைத் திறக்கும் மென்பொருள்தான் போய்விட்டது. ரஃபிள் என்ற இலவச எமுலேட்டரில் (பழைய மென்பொருளைப் போலவே நடந்து அதன் கோப்புகளை ஓட்டும் கருவி) போட்டுப் பாருங்கள். இணையக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரிலிருந்து பழைய ஃபிளாஷ் ஆக்கங்களை அதை வைத்துத்தான் ஓட்டுகிறது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் (ஃபிளாஷின் நிரல்மொழி) 1, 2-ம் பதிப்புகளில் செய்தவை பெரும்பாலும் நன்றாகவே ஓடும், 3-ல் செய்தவை சில இடங்களில் மக்கர் பண்ணும். அதற்கு முன்னால் சிடியில் இருப்பதை இன்றைக்கே ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள்.

அண்ணா, ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனில் விடாததால்தானே ஃபிளாஷ் செத்தது?

அது பாதிக் கதை. பேட்டரி, பாதுகாப்பு, தொடுதிரை என்று காரணங்களை அடுக்கி அவர் 2010 ஏப்ரலில் எழுதினார். அடுத்த ஆண்டு நவம்பரில் அடோபியே மொபைல் ஃபிளாஷைக் கைவிட்டது. ஆனால் பிரவுசரே நேராக வீடியோ ஓட்டட்டும் என்ற யோசனையை ஓபரா பிரவுசர் நிறுவனம் 2007-லேயே முன்வைத்துவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரியல் பிளேயர், குவிக்டைம், விண்டோஸ் மீடியா என்று ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு பிளேயரைக் கேட்ட காலத்தில், 2005-ல் வந்த யூடியூப் எல்லார் கணினியிலும் ஓடியது ஃபிளாஷால்தான். அந்தப் பெருமையை அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

எச்டிஎம்எல்5 வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை, பெரிய சண்டையே அப்போதுதான் ஆரம்பித்தது. இணையப் பக்கங்களை எழுதும் மொழியின் அந்தப் பதிப்பில் வீடியோவுக்கென்று ஒரு டேக் (குறிச்சொல்) வந்தது. ஆனால் எந்த கோடெக் (வீடியோவைச் சுருக்கி, திரும்ப விரித்துக் காட்டும் முறை) என்று தரம் சொல்லவில்லை. ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் எச்.264 என்ற கோடெக் பக்கம் நின்றன. அதற்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு. யார் வேண்டுமானாலும் நகலெடுத்துப் பகிரலாம் என்று ஃபயர்ஃபாக்ஸைத் தரும் மொசில்லா அதை எப்படி ஏற்கும்? அது கட்டணமில்லாத தியோரா கோடெக்கைப் பிடித்துக்கொண்டது. 2010-ல் கூகுள், ஆன்2 நிறுவனத்தை வாங்கி அதன் விபி8 கோடெக்கை இலவசமாகத் திறந்துவிட்டது. ஆனால் போன்களின் சிப்பில் எச்.264-க்குத்தான் வசதி இருந்தது, மற்றதை ஓட்டினால் பேட்டரி கரைந்தது. 2013-ல் நெட்வொர்க் கருவி நிறுவனமான சிஸ்கோ, உரிமக் கட்டணத்தைத் தானே ஏற்று, எச்.264-ஐக் கையாளும் ஓப்பன்எச்264 மென்பொருளை எல்லாருக்கும் தருவதாக அறிவித்த பிறகுதான் மூச்சுவிட முடிந்தது. 2018-ல் வந்த கட்டணமில்லாத ஏவி1 கோடெக்குக்குப் பின்னால் கூகுள், மொசில்லா, நெட்பிளிக்ஸ், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் என எல்லாரும் ஒன்றாக நின்றது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தது.

அப்படியென்றால் நெட்பிளிக்ஸும் இப்போது திறந்த தரத்தில்தானே ஓடுகிறது?

முழுதாக இல்லை. படங்களை நகலெடுக்க விடாமல் தடுக்க, முன்பு மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் ப்ளக்-இன்னில் இருந்த பூட்டு இப்போது பிரவுசருக்குள்ளேயே குடிவந்துவிட்டது. அதற்கு வழிசெய்யும் இஎம்இ என்ற முறையை, இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 2017 செப்டம்பரில் தரமாக ஏற்றது. பூட்டில் ஓட்டை தேடும் ஆய்வாளர்கள்மேல் வழக்குப் போடக் கூடாது என்ற பாதுகாப்பையாவது சேருங்கள் என்று டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடும் இஎஃப்எஃப் கேட்டது. அது கிடைக்காமல் டபிள்யூ3சி-யைவிட்டே விலகியது. நான் இஎஃப்எஃப் பக்கம்தான்.

எங்கள் அலுவலகப் படிவங்களை ஒரு நிறுவனத்தின் சொந்தக் கருவியில் செய்தால் ஒரே மாதத்தில் முடியும் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. தென்னாப்பிரிக்க வரித் துறையின் படிவங்கள் ஃபிளாஷில் இருந்தன. ஃபிளாஷ் நின்றதும், அவற்றை நிரப்புவதற்கென்றே 2021 ஜனவரியில் தனி பிரவுசர் ஒன்றை வெளியிட வேண்டி வந்தது. நம் தமிழ்த் தளங்களும் யூனிகோடுக்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துருவில் இருந்தவைதானே? அந்தப் பக்கங்கள் பல இன்று வெறும் கிறுக்கலாகத்தான் தெரிகின்றன. எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்டில் செய்ய மூன்று மாதம் ஆகும் என்றால் அந்த மூன்று மாதத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், தரவையாவது சிஎஸ்வி-யாக (எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு) எடுக்க வழி வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.