மறுமொழி: ஒருக்கா சிசேரியன் எண்டால் பிறகும் சிசேரியன்தானா?

தங்கச்சி, முதல் பிள்ளை கால் கீழாக் கிடந்ததால 2022இல சிசேரியன், இப்ப 34 கிழமை, "ஒருக்கா வெட்டினால் பிறகும் வெட்டுத்தான்" எண்டு மாமி சொல்லுறா எண்டு எழுதியிருந்தீங்கள். அப்பிடி ஒரு கட்டாயமும் இல்லை. சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யிற நாலு பேரில கிட்டத்தட்ட மூண்டு பேருக்குச் சரிவருது. இந்தப் பிள்ளை தலை கீழா இருந்தால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு.

ஆனா முதல் பிள்ளை பிறந்து வீட்ட விடேக்க ஆஸ்பத்திரியில தந்த டயக்னோசிஸ் காட்டைத் தேடி எடுங்கோ. கர்ப்பப்பையில கீழ்ப்பக்கம் குறுக்கா வெட்டியிருந்தால் முயற்சிக்கலாம். மேல்பக்கம் நெடுக்கா எண்டால் வேண்டவே வேண்டாம். வயித்துத் தழும்பைப் பாத்து இதைச் சொல்லேலாது.

பயம் கர்ப்பப்பையில இருக்கிற பழைய தையல் விடுறதுதான். 200 பேரில ஒராளுக்கு அளவில நடக்கும்; மருந்து ஏத்தி நோவை வரப்பண்ணினால் ஆபத்து கூடும், அதை டொக்டரிட்டக் கட்டாயம் கேளுங்கோ. பிள்ளையின்ர துடிப்பை விடாமப் பாக்கவும், உடன தியேட்டருக்கு எடுக்கவும் ஏலுமான ஆஸ்பத்திரியிலதான் பெறவேணும். 36 கிழமைக்குள்ள முடிவெடுத்து கிளினிக் கொப்பியில எழுதுவியுங்கோ.

ஒட்டுசுட்டானில இருந்து மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்கு ராவில போறது லேசில்லை. நோ கூடட்டும் எண்டு வீட்டில நிக்காதேங்கோ. நோ தொடங்கினாலோ, தண்ணி உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ உடன 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, பழைய சிசேரியன் எண்டதை முதல் சொல்லுங்கோ. அடுத்த கிளினிக்குக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கோ.