கட்டணம் செலுத்த பட்டனை அழுத்தினால் வங்கியின் பாப்-அப் சன்னல் திறக்கவே இல்லை. போன மாதம் இதே கம்ப்யூட்டரில் திறந்ததே, ஏன்?

முதலில், பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். சன்னல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பின்னால் பரிவர்த்தனை தொடங்கியிருக்கலாம். வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு அடுத்த முயற்சிக்குப் போங்கள்.

போன வருடம் எனக்கும் இதுதான் நடந்தது. அக்கா மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள். ராத்திரி உட்கார்ந்து பட்டனை அழுத்தினால் சக்கரம் சுற்றும், நிற்கும், அவ்வளவுதான். "தேதி தாண்டிடுமா மாமா?" என்று அவள் பக்கத்திலேயே நின்றாள். முதல் செமஸ்டருக்கு இதே கம்ப்யூட்டரில் சிக்கல் இல்லாமல் கட்டியிருந்தோம். அதனால் கல்லூரித் தளம்தான் பழுது என்றே நினைத்தேன். அப்புறம்தான் குரோமில் அட்ரஸ் பாரின் வலது ஓரத்தில் முளைத்திருந்த சின்னப் படத்தைக் கவனித்தேன். அழுத்தினால், பாப்-அப்பைத் தடுத்துவிட்டதாகச் செய்தி. அங்கேயே ‘எப்போதும் அனுமதி’ என்பதைத் தேர்ந்தெடுத்து, மறுபடி லாகின் செய்து கட்டி முடித்தோம். ஃபயர்பாக்ஸ் என்றால் பக்கத்தின் மேல்பகுதியில் ஒரு பட்டை வரும்.

சரி, முன்பு திறந்தது இப்போது ஏன் திறக்கவில்லை? நாம் கிளிக் செய்ததால் திறக்கும் சன்னலை பிரவுசர் விட்டுவிடும். தானாகத் திறக்கப் பார்ப்பதைத் தடுக்கும். ஆனால் ஒரு கிளிக்குக்கு உள்ள மதிப்பு கொஞ்ச நேரம்தான், குரோமில் சுமார் 5 நொடி. பல கட்டணப் பக்கங்கள் கிளிக் ஆனதும் சர்வரிடம் கேட்டு, பதில் வந்த பிறகே சன்னலைத் திறக்கின்றன. நெட் மெதுவாக இருந்தாலோ, கடைசி நாள் நெரிசலில் சர்வர் திணறினாலோ அந்த 5 நொடி கடந்துவிடும். அப்போது பிரவுசருக்கு அது யாரும் கேட்காமல் வந்த சன்னல். செட்டிங்கில் எதையும் மாற்றாமலே ஒரு நாள் திறப்பதும் மறுநாள் திறக்காததும் பெரும்பாலும் இதனால்தான். சர்வர் பதிலுக்குக் காத்திராமல், கிளிக் ஆன உடனேயே சன்னலைத் திறந்து வைக்கும்படி தளத்தை எழுதுபவர்கள் செய்தால் இந்தத் தவிப்பே இருக்காது.

அதற்காகத் தடுப்பை மொத்தமாக அணைத்துவிடாதீர்கள். 1990களின் இறுதியில் ட்ரைபாட் என்ற நிறுவனத்தில் பாப்-அப் விளம்பரத்துக்கான நிரலை எழுதிய ஈதன் சுக்கர்மேன், 2014இல் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்பே கேட்டார். அந்தத் தொல்லையை நாமே திரும்ப அழைக்க வேண்டாம். குரோம் செட்டிங்ஸில் தனியுரிமைப் பிரிவுக்குள் தள அமைப்புகள், அதில் பாப்-அப் பகுதி. அங்கே கட்டணம் கட்டும் அந்த ஒரு தளத்தை மட்டும் சேருங்கள். சேர்க்க வேண்டியது வங்கியின் முகவரி இல்லை, பட்டன் இருக்கும் பக்கத்தின் முகவரி. இதில்தான் பலர் தவறுகிறார்கள்.

அனுமதித்தும் திறக்கவில்லையா? விளம்பரம் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் ஏதாவது இருக்கும். இன்காக்னிட்டோ சன்னலில் முயன்று பாருங்கள், அங்கே எக்ஸ்டென்ஷன்கள் பொதுவாக வேலை செய்யாது. மொபைலில், வேறு ஆப்புக்குள்ளேயே திறந்த லிங்க் என்றால் முகவரியை காப்பி செய்து குரோமில் திறங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். முந்தைய முயற்சியில் திறந்த சன்னல் மூடப்படாமல் பின்னால் ஒளிந்திருந்தால், சில தளங்கள் புதிதாகத் திறக்காமல் அதிலேயே பக்கத்தை ஏற்றிவிடும். ஆல்ட், டேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வங்கிப் பக்கம் அங்கே ஓடிபிக்காகக் காத்திருக்கலாம்.