லெசித்தின் மாறியது, லேபல் மாறவில்லை

கேள்வி: பேலியகொடையில் தொழிற்சாலையும் கொள்ளுப்பிட்டியில் தலைமை அலுவலகமும் உள்ள பெரிய உணவுக் கொம்பனி ஒன்றில் தயாரிப்பு முகாமைப் பிரிவில் இருக்கிறேன். பொருட்கள் இருநூறைத் தாண்டிவிட்டன. செய்முறை, பெக்கிங், விலை என்று ஏதாவது மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு பிரிவு செய்வது மற்றதற்குத் தெரிவதில்லை. பெரிய மென்பொருள் ஒன்று வாங்கினால் சரியாகும் என்கிறார் மேலதிகாரி. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆளோடு ஆள் பேசாத இடத்தில் மென்பொருள் போட்டால், பேசாமல் விட்டதுதான் ஒழுங்காகப் பதிவாகும்.

2022இல் டொலர் தட்டுப்பாட்டு நாட்களில் நான் வேலை பார்த்த இடத்தில் நடந்தது இது. எண்ணெயும் நீரும் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் லெசித்தின். வழக்கமான சூரியகாந்தி லெசித்தின் கிடைக்கவில்லை. கொள்வனவுப் பிரிவு சோயா லெசித்தினை எடுத்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, லைன் நிற்கக்கூடாதே. இரண்டுக்கும் ஈ322 என்ற ஒரே உணவுச் சேர்க்கை எண்தான். கணினியில் குறியீடு மாறாததால் யாருக்கும் எச்சரிக்கை போகவில்லை. ஆனால் சோயா ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் பெக்கட்டில் அதைப் பெயர் சொல்லி, மற்ற எழுத்துகளிலிருந்து எடுப்பாக அச்சடிக்க வேண்டும். பிடித்தது கணினி இல்லை, ஸ்டோர்ஸ்காரர். மூட்டையில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, லேபல் செய்யும் பிள்ளைக்கு போன் எடுத்தார். கொன்டெய்னர் கிளம்ப இரண்டு நாள் இருந்தது.

அந்த போன் அழைப்பைத்தான் நீங்கள் வழக்கமாக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை, அரை மணித்தியாலம்: செய்முறை, கொள்வனவு, லேபல், ஸ்டோர்ஸ், விற்பனை ஆகிய ஐந்து பிரிவிலிருந்தும் வேலையைக் கையால் செய்கிறவர் ஒருவர் வரட்டும். முகாமையாளர்களைக் கூப்பிடாதீர்கள்; அவர்கள் வந்தால் மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தாள். என்ன மாறுகிறது, அது வேறு எந்தெந்தப் பொருளில் இருக்கிறது, எந்த பெச்சிலிருந்து, கையிலுள்ள பழைய உறை என்னவாகும்? ஐவரும் கையெழுத்து வைக்காமல் எதுவும் லைனுக்குப் போகக்கூடாது. (இந்த ஒழுங்கை விளக்கும் வழிகாட்டி ஐஎஸ்ஓ 10007. சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்ட முடியாதது என்பதாலோ என்னவோ, நம்மூரில் அதிகம் பேசப்படுவதில்லை.)

தாளின் கடைசிக் கேள்வியில், அந்தப் பழைய உறையில்தான் காசு போகும். 2024 ஜனவரி 1இல் வற் வரி 15இலிருந்து 18 சதவீதமானபோது, விலை அச்சடித்த உறைகளை ரோல் ரோலாக வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். விலையை உறையில் அடிக்காமல், திகதியோடு சேர்த்து லைனிலேயே இங்க்ஜெட்டில் அடிப்பது நல்லது.

இன்னொன்று. உறையில் உள்ள தமிழ் வரிகளை உங்கள் இடத்தில் யார் சரிபார்க்கிறார்? பெரும்பாலும் ஒருவருமில்லை. அந்த ஐவரில் ஒருவராவது தமிழ் வாசிப்பவராக இருக்கட்டும்.

இப்படி ஆறு மாதம் ஓடிய பிறகு மென்பொருள் விற்பவர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் படம் போட்டுக் காட்டத் தொடங்கும் முன், ஈ322 கதையைச் சொல்லி, “இதை உங்கள் சாமான் எந்தத் திரையில், யாருக்குக் காட்டும்?” என்று கேளுங்கள்.