புது மாநிலத்தோட முதல் சட்டசபை: பசங்க கேட்டதும் என் பதிலும்

கொருக்குப்பேட்டையில சாயங்காலம் பாலிட்டி கிளாஸ் எடுக்குறேன், போன வாரம் மாநிலப் பிரிவினை நடத்துனதுல இருந்து ஒரே கேள்வி, அடிக்கடி வந்ததுக்கு மட்டும் இங்க பதில் போடுறேன்.

புது மாநிலம்னா உடனே எலெக்‌ஷன் வைக்கணுமா சார், எம்எல்ஏ எங்க இருந்து வருவாங்க? (தண்டையார்பேட்டை தம்பி)

பெரும்பாலும் வைக்கறதில்ல தம்பி, பழைய சபையில அந்தப் பகுதியில ஜெயிச்சவங்களே அப்படியே புது சபைக்குப் போயிடுவாங்க. 1952ல மெட்ராஸ் சட்டசபைக்கு ஜெயிச்சவங்க 375 பேர், 1953 அக்டோபர் 1 ஆந்திரா பிரிஞ்சதும் அதுல 140 பேர் கர்நூல்ல போய் உட்கார்ந்தாங்க, அதான் அப்போ தலைநகரம். எங்க ஆயா ராயபுரத்துல வீட்டுக்குள்ள தெலுங்கு, தெருவுல இறங்குனா தமிழ், 'மெட்ராஸ் மனதே'ன்னு (தெலுங்குல 'மெட்ராஸ் நம்மளோடது') கோஷம் போட்டுட்டுப் போனதை திண்ணையில நின்னு பார்த்தவங்க, எம்எல்ஏங்க கர்நூல் போனாங்க, ஆயா ராயபுரத்துலயே தான் இருந்தாங்க. 2000லயும் இதே கதை, மத்தியப் பிரதேசத்தோட 320ல 90 சத்தீஸ்கருக்கு, பீகாரோட 324ல 81 ஜார்கண்டுக்கு. உத்தரகாண்ட் மட்டும் கொஞ்சம் வேற, 30 பேர் தான் இடைக்கால சபை, அதுல உ.பி. மேலவை உறுப்பினர்களும் இருந்தாங்க. தெலுங்கானா அப்படியே தலைகீழ், 2014 ஏப்ரல் 30 ஓட்டு போட்டாச்சு, மாநிலம் பொறந்தது ஜூன் 2.

சபாநாயகரே இல்லாத சபையை யாரு ஆரம்பிச்சு வைப்பாங்க? (திருவொற்றியூர் தங்கச்சி)

இதைத் தான் நான் ரொம்ப நேரம் நடத்துவேன் மா, ஏன்னா இந்த இடம் புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். சபாநாயகர், துணை சபாநாயகர் ரெண்டு நாற்காலியும் காலின்னா அரசியலமைப்புச் சட்டத்தோட 180வது பிரிவுப்படி கவர்னர் ஒரு உறுப்பினரை தற்காலிக சபாநாயகரா நியமிப்பார், வழக்கமா சீனியரைத் தான் போடுவாங்க. தெலுங்கானாவுல 2014 ஜூன் 9 முதல் கூட்டம், அந்த நாற்காலியில உட்கார்ந்தவர் ஜானா ரெட்டி, அவர் காங்கிரஸ், ஆளுங்கட்சி டிஆர்எஸ். ஆளுங்கட்சி முதலமைச்சரே எழுந்து வந்து எதிர்க்கட்சிக்காரர் முன்னாடி நின்னு உறுதிமொழி எடுக்குறாரு பாருங்க, எனக்கு அது ரொம்பப் பெரிய விஷயமா படுது. பேர் கூப்பிடுவாங்க, போய் நின்னு கடவுள் பேர்லயோ இல்ல 'உளமார'ன்னோ படிக்கணும், பதிவேட்டுல கையெழுத்து போடணும், அப்புறம் தான் அவர் அந்த சபை உறுப்பினரா உட்கார முடியும். உறுதிமொழி எடுக்காம உட்கார்ந்தாலோ ஓட்டு போட்டாலோ 193வது பிரிவுப்படி ஒரு நாளைக்கு 500 ரூபாய் அபராதம், இதை எக்ஸாம்ல கேப்பாங்க. 119 பேரும் சேர்ந்து செய்யுற முதல் பெரிய வேலை தங்களுக்கு ஒரு தலைவரை தேர்ந்தெடுக்கறது, மறுநாள் மதுசூதன சாரியை போட்டியில்லாம தேர்ந்தெடுத்தாங்க.

அஞ்சு வருஷம் எந்த நாள்ல இருந்து கணக்கு? (எண்ணூர்)

172வது பிரிவு, முதல் கூட்டம் நடந்த நாள்ல இருந்து. ரிசல்ட் வந்த நாளும் இல்ல, மந்திரிங்க பதவியேத்த நாளும் இல்ல. ஆனா பழைய சபையில இருந்து பிரிஞ்சு வந்தவங்களுக்கு பழைய சபையோட கணக்கே ஓடும், இங்க தான் நிறைய பேர் தப்பு பண்றீங்க. சத்தீஸ்கர் சபை 2000 டிசம்பர் 14 ராய்ப்பூர் ராஜ்குமார் காலேஜ்ல முதல்ல கூடுச்சு, அப்போ அவங்களுக்குன்னு தனி கட்டடம் கூட கிடையாது, அப்போ 2005 வரைக்கும் போயிருக்கணும்னு தோணும், ஆனா 2003லயே எலெக்‌ஷன் வந்துடுச்சு, ஏன்னா அவங்க ஜெயிச்சது 1998ல.

கவர்னர் உரை கட்டாயமா? (வியாசர்பாடி)

பொதுத்தேர்தல் முடிஞ்ச முதல் கூட்டத்தொடர்லயும், ஒவ்வொரு வருஷ முதல் கூட்டத்தொடர்லயும் கட்டாயம், 176வது பிரிவு. மேலவை இருந்தா ரெண்டு சபையும் சேர்ந்து உட்கார்ந்து கேக்கணும்.

பழைய மாநில சட்டசபை பிரிக்க வேணாம்னு சொன்னா நின்னுடுமா சார்?

நிக்காது. 3வது பிரிவுல அவங்க கருத்தை கேக்கணும்னு தான் இருக்கு, சம்மதம் வாங்கணும்னு இல்ல. 2014 ஜனவரி 30 ஆந்திர சட்டசபை தெலுங்கானாவைப் பிரிக்குற மசோதாவை நிராகரிச்சுது, பிப்ரவரியில பார்லிமெண்ட் பாஸ் பண்ணிடுச்சு. தெலுங்கானா நியாயமான கோரிக்கை தான், இருந்தாலும் ஒரு சபையோட பேச்சுக்கு இன்னும் கொஞ்சம் எடை இருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

கர்நூல் போன அந்த 140 பேர் சபை எத்தனை வருஷம் ஓடுச்சு? (காசிமேட்டு அக்கா)

ஒரு வருஷம் தான் அக்கா. பிரகாசம் தான் முதல்வர், மதுவிலக்கு விவகாரத்துல 1954 நவம்பர்ல நம்பிக்கையில்லா தீர்மானம் வந்துச்சு, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல கவிழ்ந்துட்டாரு, 1955ல 196 இடத்துக்கு புதுசா எலெக்‌ஷன் வச்சாங்க.