குளோரினை அடையாளம் காணும் பாக்டீரியா: கேள்வி பதில்

கோத்தகிரி ஆசிரியர்: குளோரின் மாசுகளைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அதற்கான நொதியை எப்போதும் தயாராக வைத்திருக்குமா?

பெரும்பாலும் இல்லை. நாம் ஆக்சிஜனைக் கொண்டு சுவாசிப்பதுபோல், இவை குளோரின் சேர்மத்தைக் கொண்டு சுவாசிக்கின்றன. அந்த நொதிக்கு பி12 வகைக் கோபால்ட் மூலக்கூறும் இரும்பு–கந்தகத் தொகுதிகளும் தேவை என்பதால், வேலையில்லாத நாளில் அதைச் செய்து வைப்பது செல்லுக்கு வீண் செலவு.

குன்னூர் மாணவி: மாசு வந்திருப்பதை அந்த நொதிக்கான மரபணு எப்படி அறியும்?

இத்தகைய பாக்டீரியாக்களுள் ஒன்றான டிசல்ஃபிடோபாக்டீரியத்தில் சிபிஆர்‌கே என்னும் புரதம் இதைக் கவனிக்கிறது. குளோரோஃபீனாலில் (குளோரின் ஏறிய ஃபீனால்) ஹைட்ராக்சில் எனும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் தொகுதிக்குப் பக்கத்திலேயே குளோரின் இருந்தால், அது எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் ஹைட்ராக்சில் தன் புரோட்டானை எளிதில் விட்டுவிடுகிறது. அவ்வாறு மின்னூட்டம் பெற்ற வடிவத்தையே புரதம் இறுகப் பற்றுகிறது. குளோரின் இல்லாத ஃபீனால் ஏறத்தாழ அதே உருவம் கொண்டிருந்தும் ஏமாற்ற முடியாது. பற்றிய புரதம் டிஎன்ஏவில் தனக்குரிய வரிசையில் அமர்ந்த பிறகே மரபணு வாசிக்கப்படுகிறது. காற்றுப்பட்டால் புரதத்தின் கந்தக அணுக்கள் தமக்குள் பிணைந்துகொள்ள, அது டிஎன்ஏவைப் பிடிக்கும் திறனை இழக்கிறது. இத்தனை சிறிய பூட்டில் இரண்டு சாவிகள் இருப்பது எனக்கு இன்றும் வியப்பே.

ஊட்டி உருளைக்கிழங்கு விவசாயி: என் வயலில் முன்பு லிண்டேன் பூச்சிமருந்து போட்டிருக்கிறோம். கீழே உள்ள சதுப்பு அதைச் சுத்தம் செய்துவிடுமா?

ஓரளவே, ஐயா. சிபிஆர்‌கே லிண்டேனுக்கான காவலாளி அல்ல; அதைச் சிதைப்பவை வேறு பாக்டீரியாக்கள். காற்றில்லாத சேற்றில் லிண்டேன் குளோரினை இழந்தாலும் குளோரோபென்சீனிலும் பென்சீனிலும் நின்றுவிடுவதுண்டு; அவற்றைச் சிதைக்கப் பெரும்பாலும் காற்றுள்ள மண்தான் கைகொடுக்கும். கேரட்டுக்காகச் சதுப்பை வடித்துவிட்டால் முதல் கட்டமும் நின்றுபோகும். மேட்டு வயலின் பொலபொலப்பான மண்ணில் காற்றில்லாச் சேற்றில் வாழும் அந்த பாக்டீரியாக்களை எதிர்பார்க்க வேண்டாம்.

குந்தா வாசகர்: மனிதன் உண்டாக்கிய மாசுக்கு இவ்வளவு பழைய பூட்டு ஏன்?

பூஞ்சைகளும் மட்கிய சதுப்பும் தாமாகவே குளோரின் சேர்மங்களை உண்டாக்குகின்றன. நாம் பின்னால் வந்தவர்கள்.

கூடலூர் ஆய்வு மாணவர்: மண்ணில் மரபணு இருப்பதைக் கண்டாலே போதுமா?

போதாது. குளோரினை நீக்கும் இன்னொரு பாக்டீரியாவான டிஹாலோகாக்காய்ட்ஸின் சிபிடிபி1 திரிபில் மட்டும் இத்தகைய நொதிகளுக்கான மரபணுக்கள் 32. அவற்றுள் எது எதற்கு என்பது பலவற்றுக்கும் தெளிவாகவில்லை. மரபணு வாசிக்கப்படும்போது உண்டாகும் நகலான ஆர்என்ஏவைப் பார்த்தாலும் எச்சரிக்கை வேண்டும்: சல்ஃபூரோஸ்பைரில்லம் மல்டிவோரன்ஸ் என்னும் பாக்டீரியா, டெட்ராகுளோரோஎத்தீன் என்னும் குளோரின் கரைப்பானை நிறுத்திய பிறகும் சுமார் 100 தலைமுறைகள் வரை அந்த மரபணுவை வாசிப்பதை முற்றிலும் விடுவதில்லை. ஆகவே அந்த மாசு உள்ள கிணற்றில் ஆர்என்ஏவுடன், அது படிப்படியாகச் சிதையும்போது நீரில் உண்டாகும் வினைல் குளோரைடு குறைந்து, குளோரின் இல்லாத எத்தீன் கூடுகிறதா என்பதையும் சேர்த்து அளந்து பாருங்கள்.